மூன்று ‘ப’

சவரிமுத்து மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாகக் கம்பம் நட்டவர். ஓய்வுபெற்ற மறுமாதமே கணினியில் எழுத்துரு வரையக் கற்றுக்கொள்ளப் போனார். கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு வயது இருபத்தொன்பது. அவர் “டீச்சர்” என்பார், அவள் “சார்” என்பாள்.

எட்டு மாதம் பாடுபட்டு ஒரு எழுத்துருவை முடித்திருந்தார். பெயர் ‘பாறை’. நல்ல தடித்த எழுத்து. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் செங்கல் வைத்தாற்போல் கட்டையான பாதம். பழங்காலத்துச் சரக்குப் பெட்டியில் அச்சடித்ததுபோல் தெரிய வேண்டுமென்று அங்கங்கே மூலையை உடைத்து, சிராய்த்து வைத்திருந்தார். தன் தலைக்கு மாதம் இருமுறை கறுப்புச் சாயம் பூசுகிற மனிதர், எழுத்துக்கு மட்டும் வயசாக வேண்டுமென்று அப்படி மெனக்கெட்டார்.

“வெளியிட்டுடலாமா டீச்சர்?”

அவள் சரி என்றால்தான் வெளியிடுவது என்று வைராக்கியமாக இருந்தார்.

“டீ குடிச்சிட்டு வரலாம், வாங்க சார்” என்றாள் பர்வீன்.

புறவழிச்சாலையில் லாரிகள் நிற்கும் திடலை ஒட்டி இருந்தது கடை. வாசலில் புதுப் பலகை: ‘பாப்பா டீக்கடை’. அவருடைய எழுத்து! அவரிடம் சொல்லாமலே மாட்டச் செய்திருக்கிறாள். சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரி பாப்பா டம்ளரை நீட்டினாள்.

“நீங்க எழுதினதாண்ணே? திடமா இருக்கு. போன போர்டை லாரிக்காரங்க ரிவர்ஸ் எடுக்கறப்பல்லாம் இடிச்சு இடிச்சே நசுக்கிட்டாங்க.” அண்ணாந்து பார்த்தாள். “ஆனா ஒண்ணுண்ணே. மூணு ‘ப’வுக்கும் ஒரே மூலையில ஒரே மாதிரி உடைஞ்சிருக்கே, அதெப்படி?”

அவர் வரைந்தது ஒரே ஒரு ‘ப’. எத்தனை தடவை தட்டினாலும் அதே ‘ப’தானே வரும். எட்டு மாதமாக இது அவருக்கு உறைக்கவே இல்லை. முகம் சுண்டிப்போனது.

“ஒவ்வொரு எழுத்தையும் நாலு விதமா உடைச்சு வரைஞ்சிடறேன் டீச்சர். இன்னும் ஒரு வருஷம் ஆகும், ஆகட்டும்.”

“உடைக்காத ‘ப’ இருக்கா சார்?”

“முதல்ல வரைஞ்சது இருக்கு. அது மொழுமொழுன்னு புதுசா இருக்கும்.”

“அதை எப்படி வரைஞ்சீங்க?”

“கம்பம் நடற மாதிரிதான். எந்தக் காத்துக்கும் அசையக் கூடாதுன்னு.”

“அதையே வெளியிடுங்க. இங்கயும் அதையே மாட்டிடலாம்.”

சவரிமுத்துவுக்கு மனசு லேசானது. கடைசியில் சரி என்று சொல்லிவிட்டாளே! டீயை ஒரு வாய் குடித்தார். அப்புறமும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

“அப்போ அந்தப் பழசான களை? அது எப்படி டீச்சர் வரும்?”

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடையை நோக்கி ரிவர்ஸில் வந்தது. பர்வீன் டம்ளரோடு இரண்டடி ஒதுங்கி நின்றாள்.

“அதை அவங்க பாத்துக்குவாங்க சார்.”