ஒன்பது முட்டைகளும் ஒரு படகும்

முன்னொரு காலத்தில் நீர்மலை நாட்டைத் திடவீரன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவன் மனசில் என்ன தோன்றுகிறதோ, அது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும். ஒருநாள் அவன் பார்வை பள்ளிக்கூடங்கள் பக்கம் திரும்பியது.

"பிள்ளைகளுக்குப் புதுமாதிரியாகப் பாடம் சொல்லித்தர யோசனை உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம். சிறந்த யோசனைக்கு அரண்மனை மானியம்!" என்று நாடெங்கும் பறை அறைவித்தான்.

விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலை அரசவைப் பண்டிதர் நாகலிங்கத்துக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, கேட்டு வாங்கிக்கொண்டார். அமைச்சர் சாத்தப்பர் கைக்கு அது போய்விடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை. சபையில் சாத்தப்பர் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறான்; பண்டிதர் திறந்தால் கொட்டாவி விடுகிறான். பதினோரு வருஷத்து வயிற்றெரிச்சல் அது.

நாற்பத்திரண்டு ஓலைக்கட்டுகள் வந்தன. பண்டிதர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தால் அதிக மதிப்பெண், லேசாக இருந்தால் குறைச்சல். பட்டுநூல் கட்டியிருந்தால் கூடுதலாக ஐந்து. ஒரே முற்பகலில் வேலை முடிந்தது. அவருடைய மைத்துனர் பட்டாபியின் 'ஞானப்பிரகாச மண்டபம்' முந்நூறு ஏடு. மேலே சந்தனப் பலகை வேறு. அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஒற்றை ஏடாக வந்தவை ஒன்பது. ஒன்பதுக்கும் வரிசையாக முட்டை.

மறுநாள் சாத்தப்பர் வந்தார். "பண்டிதரே, ரொம்பச் சிரமப்பட்டிருப்பீர்கள்."

"கண் பூத்துப்போயிற்று, அமைச்சரே. ஓர் எழுத்து விடவில்லை."

"அப்படியானால் நம் ராஜா எழுதியது எது என்று கண்டுபிடித்திருப்பீர்களே?"

"யார் எழுதியது?"

"வேறு பேரில் அவரும் ஒன்று எழுதிப் போட்டிருக்கிறார். ஒற்றை ஏடு. எதைப் பற்றி என்று எனக்கே சொல்லவில்லை. தமக்கு எத்தனை மதிப்பெண் வருகிறதென்று பார்க்கத் தவித்துக்கொண்டிருக்கிறார்."

பண்டிதர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்பது முட்டைகளில் ஒன்று ராஜாவின் தலையில்!

"கடைசியாக ஒருதரம் சரிபார்க்க வேண்டும். மூன்று நாள் கொடுங்கள்" என்றார்.

"தாராளமாக!" என்றார் சாத்தப்பர்.

பண்டிதர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, பிறர் எழுதியதை ஆயுளில் முதல் தடவையாக உட்கார்ந்து படித்தார். ஒருவர் குயவர் சக்கரத்தை வகுப்பில் வைத்து வட்டக் கணக்குச் சொல்லித்தரப் போகிறாராம். பரவாயில்லையே என்று தோன்றியது. இன்னொருவர் வகுப்புக்கு ஒரு யானை கேட்டிருந்தார். தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளைமேல் அது துதிக்கையால் தண்ணீர் பீய்ச்சுமாம். பண்டிதருக்குக் கோபம் வந்துவிட்டது. முட்டையை அப்படியே விட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பும் கிறுக்கினார்.

எட்டாவது ஏட்டில் இப்படி இருந்தது: "எங்கள் ஊர் ஏழு தீவு. மழை பிடித்தால் நான்கு மாதம் பள்ளிக்கூடம் இல்லை. போன வருஷம் மழையில் பள்ளிக்கூடம் வரப் பார்த்த இரண்டு பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் வர வேண்டாம், பள்ளிக்கூடம் அவர்களிடம் போகட்டும். ஒரு படகு கொடுங்கள்."

பண்டிதர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மூளை வேலை செய்தது. நாட்டின் மூலையில் கிடக்கும் தீவைப் பற்றி ராஜாவைத் தவிர யார் கவலைப்படுவார்கள்? ராஜாவைப் புகழ்ந்து ஒரு வரிகூட இல்லை. தன்னைத் தானே யார் புகழ்ந்துகொள்வார்கள்? சந்தேகமே இல்லை! நூற்றுக்கு நூறு போட்டார்.

சபை கூடியது. விண்ணப்பம் போட்டவர்களும் வந்திருந்தார்கள். "மகாராஜா! இந்தப் படகுப் பள்ளிக்கூடத்தை நினைத்த உள்ளம் சாமானிய உள்ளமல்ல; நாடாளப் பிறந்த உள்ளம்!" என்று முழங்கினார் பண்டிதர்.

ராஜா திருதிருவென்று விழித்தான். "யார் எழுதியது?"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நாந்தாங்க, ஏழு தீவு உலகம்மை. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றேன்."

பண்டிதர் மிச்சமிருந்த எட்டு ஏடுகளை அவசரமாகப் புரட்டினார். ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த யானை யோசனைக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

சாத்தப்பர் ஏட்டை எடுத்து வாசித்தார். "முட்டை. குறிப்பு: இதை எழுதியவரைப் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவுக்குள்ளேயே விடக்கூடாது."

பண்டிதர் தடாலென்று காலில் விழுந்தார். "மாற்றிவிடுகிறேன் மகாராஜா! யானைக்கு நூறு! நூற்றுப் பத்து!"

"படகுக்கு?"

"படகுக்கு…" நிமிர்ந்தபோது உலகம்மை தெரிந்தாள். அவள் கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். வெள்ளம் கொண்டுபோன இரண்டு பிள்ளைகள் பண்டிதர் நினைவுக்கு வந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "படகுக்கு நூறுதான், மகாராஜா. யானைக்கு… முட்டைதான்."

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தான். "பதினோரு வருஷத்தில் இன்றைக்குத்தான் நீர் பேசும்போது எனக்குக் கொட்டாவி வரவில்லை! சரி, உம் மைத்துனர் முந்நூறு ஏட்டில் என்ன எழுதியிருக்கிறார்?"

"அதை… படிக்கவில்லை, மகாராஜா."

சந்தனப் பலகையைத் திறந்தார்கள். ஏழு ஏட்டில் ராஜ ஸ்துதி. மிச்சமெல்லாம் வெற்று ஏடு. பட்டாபி அதற்குள் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

"உலகம்மா, படகு உனக்குத்தான். வேறு என்ன வேண்டும்?" என்றான் ராஜா.

"துடுப்புப் போட ஓர் ஆள் வேணுங்க."

ராஜா யோசிக்கவே இல்லை. பண்டிதரைக் காட்டினான்.

மழை நான்கு மாதமும் அடித்து ஓய்ந்தது. உள்ளங்கை காய்த்துப்போய்ப் பண்டிதர் தலைநகரம் திரும்பினார். அடுத்த வருஷம் வந்த விண்ணப்பங்கள் வெறும் இருபதுதான். அவற்றைப் படித்து முடிக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது.