விறகுக்காரர் மேல் ஜவ்வாது வாசம்

முன்னொரு காலத்தில் மணிமலை நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஜவ்வாது என்றால் அவருக்கு உயிர். தன்னைத் தவிர நாட்டில் வேறு யாரும் அதைப் பூசக்கூடாது என்று சட்டமே போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டுத்தாடியும் அழுக்குத் தலைப்பாகையுமாக விறகு விற்கக் கிளம்பிவிடுவார், ஜனங்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க. போன இடமெல்லாம் புகழ்மாலைதான். மனுஷர் பூரித்துப்போய்த் திரும்புவார்.

அரண்மனைக்கு வாசனைத் திரவியம் செய்பவள் பச்சைநாயகி. சபைக்கு ஜவ்வாது சரி, விறகு விற்கப் போகும்போது மட்டும் வெட்டிவேர்த் தண்ணீரில் குளித்துவிட்டுப் போங்கள் என்று ஒருநாள் பணிவாகச் சொன்னாள். அவளைக் கண்டாலே ஆகாத சபை அதிகாரி சோமலிங்கம் குதித்தெழுந்தார். மகாராஜா என்ன ஜன்னல் தட்டியா, வெட்டிவேர் மணக்க? இவளை நாட்டை விட்டே துரத்த வேண்டும் என்றார். ராஜாவுக்கும் கோபம் ஏறிவிட்டது.

“ஒரே ஒரு தடவை போய்ப் பாருங்க மகாராஜா. நான் சொன்னது தப்புன்னா சாயங்காலமே மூட்டையக் கட்டிடறேன்,” என்றாள் பச்சைநாயகி.

அன்றைக்கே வெள்ளிக்கிழமை. ராஜா வெட்டிவேர் மணக்கப் போனார். கடைத்தெருவில் முதல் ஆளே விறகு ஈரம் என்று திட்டித் தீர்த்தான். போன வாரம் ராஜாவைத் தர்மதுரை என்று கொண்டாடிய காய்கறிக்காரி கருப்பாயியிடம், “நம்ம ராஜா எப்படி?” என்று ஆரம்பித்தார்.

“சும்மா இருய்யா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஜவ்வாது மணக்க ஒரு விறகுக்காரரு வருவாரு. அவரு வந்தப்புறம் புகழ்ந்துக்கலாம்,” என்றாள் அவள்.

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டது. தாடியைப் பிடித்துக்கொண்டு நேரே சோமலிங்கம் வீட்டுக்குப் போய் விறகை இறக்கி, அதே கேள்வியைக் கேட்டார். ஊஞ்சலில் படுத்திருந்த சோமலிங்கம் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“ராஜாவா? நான் நில்லுன்னா நிப்பாரு, உட்காருன்னா உட்காருவாரு.”

சாயங்காலம் பச்சைநாயகி மூட்டையோடு சபைக்கு வந்தாள். ராஜா வந்து அமர்ந்தார்.

“சோமலிங்கம், கிட்டே வாரும். நில்லும். உட்காரும். இப்போது மூச்சை இழுத்துச் சொல்லும், இன்று உம் வீட்டில் விறகு இறக்கியவன் மேல் என்ன வாசம்?”

சோமலிங்கம் மூச்சை இழுத்தார். வெட்டிவேர். முகம் வெளுத்தது.

பச்சைநாயகியின் மூட்டையை ராஜாவே அவிழ்த்து, தன் முத்துமாலையை அதற்குள் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை முதல், ஒட்டுத்தாடி கட்டி ஜவ்வாது பூசி விறகு விற்பது சோமலிங்கத்தின் வேலை. ஒரு கட்டுகூட விற்கவில்லை. ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டு, பொழுது சாயும்வரை ராஜாவைப் புகழ்ந்து தள்ளியது.