தலைமாட்டுல நின்னவ

"எப்சிபா, நான் ஒருத்தி எத்தன பேரத்தான்ட்டி தூக்குவேன்?"

கேட்டது மங்கையர்க்கரசி. கொரோனா ஐசியுவுக்கு வெளியே, கிட் மாத்துற ரூம்ல, பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருந்தா. ஒரு கை வெள்ளை உடைக்குள்ள, இன்னொரு கை வெளியே.

அவளுக்கு நாப்பது தாண்டிடுச்சு. வேலைக்குச் சேந்த நாள்லேருந்து பிரசவ வார்டுதான். அந்த ஏரியாவுல பாதிப் பிள்ளைங்க அவ கையில விழுந்ததுதான். ஐசியுல ஆள் பத்தலன்னு அவளப் பிடுங்கிட்டு வந்து இங்க நட்டுட்டாங்க.

எப்சிபாவுக்கு இருபத்தாறு வயசு. ஆனா ஐசியுல எல்லாருக்கும் அவதான் வாத்தியார். டாக்டரே அவளக் கேட்டுட்டுத்தான் மெஷின்ல கைய வைப்பாரு!

அக்கா சிஷ்யை, தங்கச்சி குரு. அப்படி ஒரு காலம் அது.

எப்சிபா மார்க்கர் பேனாவ எடுத்தா.

"எந்திரிங்கக்கா. திரும்புங்க."

"நான் உள்ள வரல. இன்னையோட வேலைய விட்டுருதேன்."

"சரி. திரும்புங்க."

கிட் போட்டுட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான், உச்சியிலேருந்து பாதம் வரைக்கும் வெள்ளை மூட்டை. அதனால முதுகுல பேர் எழுதிட்டுத்தான் உள்ள போவாங்க. எப்சிபா 'அரசி'ன்னு சுருக்கி எழுதினா.

"போறேன்னு சொல்லுதேன், நீ பேர் எழுதிட்டு இருக்க!"

"போறவங்களுக்கும் பேர் வேணும்லாக்கா."

மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வந்துச்சு.

"நேத்து அந்த டெய்லர் போனாரு. அவர் கைய நான்தான் பிடிச்சிருந்தேன். அதுக்கு முன்ன அந்த காலேஜ் பொண்ணு. எல்லாரையும் நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்ட்டி. சோறு இறங்கல. கண்ண மூடினா மெஷின் சத்தம். நீயும் இங்கதான கெடக்க? நீ மட்டும் எப்படிச் சிரிச்சுட்டுத் திரியுத? அத எனக்குச் சொல்லிக் குடு. இல்லன்னா என்னய விட்டுரு."

எப்சிபா வாயத் தொறந்தா.

அதுக்குள்ள கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ படபடன்னு தட்டினாங்க. உள்ளங்கைய மல்லாத்திக் காட்டிக் குப்புறக் கவுத்தாங்க.

ஐசியுல அதுக்கு ஒரே அர்த்தம். ஒரு பேஷண்ட்ட குப்புறப் போடணும். உடனே!

"மூணாம் பெட்டு. பரோட்டா மாஸ்டர்," ன்னா எப்சிபா. "ஆள் குறையுது. இதுக்கு மட்டும் வந்துட்டுப் போங்க."

மங்கையர்க்கரசி இன்னொரு கையையும் உடைக்குள்ள விட்டுட்டு உள்ள ஓடினா.

மூணாம் பெட்ல சுடலைமுத்து. மாவு அடிச்சு அடிச்சு உரமேறின உடம்பு, கட்டில் பத்தாத ஆளு. வாய்க்குள்ள குழாய், குழாயோட அந்த முனையில வெண்டிலேட்டர். முழு மயக்கம். மானிட்டர்ல ஆக்ஸிஜன் நம்பர் சரசரன்னு இறங்கிட்டிருந்துச்சு. குப்புறப் போட்டா முதுகுப்பக்க நுரையீரல் விரியும். அது ஒண்ணுதான் பாக்கி.

டாக்டரும் மங்கையர்க்கரசியும் ஒரு பக்கம். ஆம்பள நர்ஸ், பிரதர் காஜாவும் இன்னொரு சிஸ்டரும் எதிர்ப்பக்கம். எப்சிபா தலைமாட்டுல, குழாயப் பிடிச்சுக்கிட்டு.

அங்க ஒரே ஒரு சட்டம்தான். தலைமாட்டுல நிக்கறவ எண்ணணும். மூணு சொன்னப்புறம்தான் மத்தவங்க புரட்டணும்.

"மாஸ்டர் நம்மளையே கொத்துப் பரோட்டா போட்டுருவாரு போல," ன்னான் காஜா.

"வாய மூடு. ஒண்ணு... ரெண்டு..."

மங்கையர்க்கரசி மானிட்டரப் பாத்தா. நம்பர் இன்னும் இறங்குது. பொறுக்க முடியல. இழுத்துட்டா!

உடம்பு ஒரு பக்கம் முறுக்கிடுச்சு. குழாய் வெட்டி இழுத்துச்சு. அலாரம் அலறுச்சு.

"நிறுத்துங்க!" எப்சிபா குழாய விடல. "பழையபடி படுக்க வைங்க. மெதுவா."

டாக்டர் கத்தினாரு. "யாரும்மா அது? திரும்பு!" அவ முதுகப் படிச்சாரு. "அரசி! ஆள் போயிருப்பாரும்மா!"

மங்கையர்க்கரசி கைய வெடுக்குன்னு பின்னுக்கு இழுத்துக்கிட்டா. இன்னொருத்தரும் என் கையாலயே போகப் போறாரா?

"அக்கா," ன்னா எப்சிபா. "இங்க வாங்க. எடத்த மாத்திக்குவோம்."

"எப்சிபா, வெளையாட இதுவா நேரம்?" ன்னாரு டாக்டர்.

"சார், பொறக்கற பிள்ளைத் தலையப் பிடிச்சுப் பழகின கை இது. நழுவ விடாது."

டாக்டர் நகந்து வழி விட்டாரு.

மங்கையர்க்கரசி தலைமாட்டுக்கு வந்தா. ஒரு கை மாஸ்டரோட தலைக்கு அடியில, இன்னொரு கை உதட்டோரம் குழாயில. எப்சிபா அவ எடத்துல, டாக்டர் பக்கத்துல போய் நின்னா.

"நீ நோஞ்சான்ட்டி. இந்தக் கனத்த நீ எப்படி..."

"எண்ணுங்கக்கா."

"நானும் ஒரு கை குடுக்கேன்..."

"எண்ணுங்க."

"ஒண்ணு..."

"கேக்கல!" ன்னாரு டாக்டர். மாஸ்க்குக்குள்ளயே செத்துப்போச்சு மங்கையர்க்கரசியோட குரல்.

அப்ப வந்துச்சு பாருங்க பிரசவ வார்டுக் குரல்! வலியில கத்துறவளையும் தாண்டிக் கேக்கணுமே, அந்தக் குரல்!

"ஒண்ணு!"

எல்லாரும் நிமிந்தாங்க.

"ரெண்டு!"

எப்சிபாவோட முழங்கை நடுங்குது. நம்பர் இறங்குது. ஓடிப்போய் மாஸ்டரோட தோளப் பிடிக்கணும்னு மங்கையர்க்கரசிக்கு விரல் துடிக்குது.

அவ கை அசையல.

"மூணு!"

அம்புட்டுப் பெரிய மனுஷன் ஒருக்களிச்சு நின்னாரு. மறுபடி எண்ணினா. தோசைக்கல்லுல பரோட்டா திரும்புற மாதிரி அலுங்காம குப்புற வந்துட்டாரு. குழாய் ஒரு நூல் நகரல!

எல்லார் கண்ணும் மானிட்டர்ல.

நம்பர் நின்னுச்சு.

ஒண்ணு ஏறுச்சு.

இன்னொண்ணு.

அப்புறம் அது நிக்கவே இல்ல! எண்பதத் தாண்டி, தொண்ணூறத் தொட்டு, அதுக்கும் மேல! காஜா ரெட்டைக் கிளவுஸோட கை தட்டினான், சொத் சொத்துன்னு. டாக்டரோட கண்ணாடி உள்பக்கம் பூராவும் ஆவி. அவர் துடைக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

எப்சிபா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினா.

மங்கையர்க்கரசி தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"எப்சிபா... நான் அவரத் தூக்கவே இல்லியேட்டி."

"ஆமாக்கா."

"அவரு திரும்பிட்டாரே!"

எப்சிபா சிரிச்சா. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுச்சு.

"ஏழாம் பெட்டும் இறங்குது!" தூரத்துலேருந்து ஒரு சத்தம். "தலைமாட்டுக்கு யாரு?"

எப்சிபா வெளிய போற கதவப் பாத்தா. அங்க யாரும் இல்ல.

ஏழாம் பெட்லேருந்து அந்தப் பிரசவ வார்டுக் குரல் வந்துச்சு, வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி.

"டாக்டர் சார், கைய வைங்க. நான் சொல்லாம ஒருத்தரும் இழுக்கக் கூடாது!"