எட்டாவது பாட்டு

“ஏழு பாட்டு பாடினேன் அம்மா. எட்டாவதை யார் பாடினதுன்னு தெரியலை.”

வந்ததும் வராததுமாக டெஸ்மண்ட் அருளப்பன் இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வயது அறுபத்தெட்டு. நாற்பத்தைந்து வருஷமாக ராக் பாடுகிறவர். இவர் கிட்டாரைத் தோளில் மாட்டினாலே சென்னைக் கல்லூரிகளில் பெஞ்சு உடையும். அதெல்லாம் ஒரு காலம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் குடியை விட்ட கையோடு, கோத்தகிரிக்கு மேலே மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் குடியிருக்கும் வடிவுடையாளிடம் சீடராகச் சேர்ந்தார்.

குருவுக்கு இவரைவிட இருபது வயது குறைவு. வாய் மட்டும் கூடுதல்.

“உட்காருங்க. ஏழு கேட்டவங்களுக்கு எட்டு கிடைச்சா சந்தோஷம்தானே?”

“விளையாடாதீங்க அம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

பொய் சொல்லவில்லை. பகல் பதினோரு மணி. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. பக்கத்தில் நின்ற மரம்கூடத் தெரியவில்லை.

நடந்தது இதுதான்.

பதினாறு வருஷம் கழித்து அவருடைய புது ஆல்பம் வந்தது. மூன்று வருஷ உழைப்பு. ஏழு பாட்டு.

பதிவு முடிந்ததும் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஏசியை அணைத்துவிட்டு, எல்லோரும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். வெறும் அறையை இரண்டு நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். பாட்டை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அந்த நிசப்தம் வேண்டும்.

ஏழு பாட்டோடு அதையும் சேர்த்து அனுப்பிவிட்டான் ஒலிப்பதிவாளன். அது எட்டாவது பாட்டாக ஊருக்கெல்லாம் போய்விட்டது.

“எடுத்துத் தொலைடான்னேன். ‘ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க சார்’ங்கிறான். சொல்லும்போதே அழறான் அம்மா.”

“விமர்சனம் எழுதறவங்க என்ன சொல்றாங்க?”

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். மடிப்புகள் கிழிகிற அளவுக்குப் படித்திருந்தார்.

“சென்னைப் பத்திரிகை. ‘முதல் ஏழு பாடல்களிலும், டெஸ்மண்ட் அருளப்பனைப் போலப் பாட முயலும் ஒரு பெரியவர் இருக்கிறார். எட்டாவதில்தான் டெஸ்மண்ட் வருகிறார்.’”

“அடேயப்பா!”

“பெங்களூருக்காரர் இன்னும் மோசம். ‘ஏழையும் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது இருக்கிறது.’ யாழ்ப்பாணத்துலேர்ந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கு. ‘கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பார்த்தேன்.’”

“கதவையா? எதுக்கு?”

“அந்தப் பாட்டுல ஒரு வரி வருதாம். மூணு பேரும் அதையே எடுத்துப் போட்டிருக்காங்க. ‘கதவைத் தட்டாதே, நான் வெளியேதான் நிற்கிறேன்.’”

அந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அந்த வரியை டெஸ்மண்ட் எழுதவும் இல்லை.

“நீங்க கேட்டீங்களா?”

“நூறு தடவை கேட்டாச்சு. எனக்கு ஒண்ணுமே கேக்கலை.”

“போடுங்க பார்ப்போம்.”

போனை எடுத்துத் தரையில் வைத்தார். திரையில் நொடிகள் ஓடின. அறையில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

இருபதாவது நொடியில் வடிவுடையாளின் பெருவிரல் தாளம் போட ஆரம்பித்தது.

டெஸ்மண்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வருஷம் தாளத்தோடு குப்பை கொட்டியவர். ஒரு அடிகூடப் பிசகவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

இரண்டு நிமிஷம் முடிந்தது.

“இன்னொரு தடவை போடுங்க” என்றாள்.

“நீங்களுமா அம்மா?”

பாவம், மனுஷன் உடைந்துபோனார்.

“மூணு வருஷம் ராத்திரி பகல் பார்க்காம ஏழு பாட்டு பண்ணினேன். ஒருத்தனுக்கும் அது வேண்டாம். யாரோ பாடினதைத் தலையில வெச்சுக்கிட்டு ஆடறாங்க. பொறாமையா இருக்கு. யார் மேலன்னுதான் தெரியலை.”

அவள் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி. நாலாயிரம் பேர் வர்றாங்க. எட்டாவது பாட்டைக் கேக்கத்தான் வர்றாங்க. நான் எதைப் பாடுவேன்? கச்சேரியே வேண்டாம்னு சொல்லிடப்போறேன். இனிமே மைக் பக்கமே போக மாட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

“சரி, போங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த ஏழையும் பாடும்போது மனசுல என்ன ஓடிச்சு?”

டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன எழுதுவாங்கன்னு. ஒவ்வொரு வரிக்கும் அதேதான்.”

“அந்த ரெண்டு நிமிஷம்?”

“அதுல நினைக்க என்ன இருக்கு? பாட்டுதான் முடிஞ்சிடுச்சே. கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா நின்னேன்.”

“எப்படி நின்னீங்க? நின்னு காட்டுங்க.”

“இப்பவா?”

“இல்ல, அடுத்த பொங்கலுக்கு. எழுந்திருங்கன்னா!”

எழுந்தார். கைகளைத் தொங்கவிட்டார். கண்ணை மூடினார்.

அடுக்களையில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். டக், டக், டக். வேறு வேலை இல்லாததால் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து முகத்தில் பட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த டக் டக் நின்றது.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. காற்று இல்லை. தன் மூச்சுகூட இல்லை. இந்த மலையையே யாரோ அணைத்துவிட்டாற்போல இருந்தது.

தாங்க முடியாமல் கண்ணைத் திறந்தார்.

வாசலில் சமையல்காரர் கோமதிநாயகம், கையில் கத்தியோடு நின்றார். பக்திப் பாட்டைத் தவிர வேறெதையும் காதில் வாங்காத ஆள். டெஸ்மண்ட் பாடகர் என்பதே அவருக்குத் தெரியாது. கன்னம் முழுக்கக் கண்ணீர்.

வெங்காயத்தால்தான் என்று நினைத்துக்கொள்ள டெஸ்மண்ட் மிகவும் ஆசைப்பட்டார். ஆனால் கோமதிநாயகத்தின் உதடுகள் அசைந்தன. பின்பாட்டுப் பாடுகிறவர்களின் உதடுகள் அசைவது போல. சத்தமே வரவில்லை.

வடிவுடையாள் எழுந்து வந்தாள். டெஸ்மண்டின் வலது கையைப் பிடித்து, அவருடைய தொண்டையின் மேலேயே வைத்தாள்.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

பதறிப்போய் வாயை மூடினார். அது அதுவரை திறந்திருந்ததே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க?” என்றார் கோமதிநாயகம்.