அய்யாக்குட்டி ருசி பார்த்த பசை

அந்தக் காலத்தில் பூச்சி புழுவுக்குக்கூட வாய் இருந்தது, பேச்சு இருந்தது. எழுத்தும் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆமை தன் வயதைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு வைத்திருந்தது. எந்த வீட்டு முற்றத்தில் எந்தக் கிழமை கருவாடு காயும் என்று காக்கை எழுதிவைத்திருந்தது. ஓணானிடமும் ஒரு ஏடு உண்டு. அதில் என்ன எழுதியது என்று கேட்டால் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும்.

இத்தனை பேருக்கும் ஏடு கட்டித் தந்தவன் ஒரே ஒருவன். பெயர் அய்யாக்குட்டி. பழைய புத்தகத்தைப் பிரித்தால் வெள்ளி நிறத்தில் ஒன்று சர்ரென்று வழுக்கி ஓடுமே, அந்தப் பூச்சிதான். அன்றைக்கு அவன் கன்னங்கரேல் என்று இருந்தான். ஓட்டமெல்லாம் கிடையாது, மாப்பிள்ளை நடை. குளவி மரத்தை மென்று துப்பிச் செய்த தாளை வாங்கி மடிப்பான், துளையிட்டுக் கற்றாழை நாரால் தைப்பான், ஏட்டின் முதுகில் பசை தடவிப் பாக்குமட்டையை ஒட்டுவான். கடைசியில் ஆறு காலையும் கரியில் தோய்த்து அட்டைமேல் ஆறு புள்ளி வைப்பான். அதுதான் அவன் முத்திரை. ஆறு புள்ளி இருந்தால் அந்த ஏடு நூறு வருஷம் நிற்கும் என்று காட்டில் பேச்சு.

நிற்பதற்குக் காரணம் பசை. கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சி, இறக்குகிற நேரத்தில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவான். துத்தம் போட்ட பசையை எறும்பும் சீண்டாது, கரையானும் சீண்டாது. போட்டோமா இல்லையா என்று தெரிய நுனிநாக்கில் தொட்டுப் பார்ப்பான். கசந்தால் துப்பிவிட்டு வேலையைத் தொடங்குவான். ருசி பார்க்காமல் அவன் கை தூரிகையைத் தொடாது.

ஒரு மேல்காற்றில் மிதந்து சீனியம்மாள் வந்து சேர்ந்தாள். வண்ணத்துப்பூச்சி. வண்ணம் என்று வாய் சொல்கிறதே தவிர, அன்றைக்கு அவள் இறக்கை வெறும் வெள்ளை. ஆனால் சாயம் போடத் தெரிந்த கை. தாளைப் படிகாரத் தண்ணீரில் நனைப்பாள், உள்ளங்கைக்குள் கசக்குவாள், அவுரி நீலத்தில் முக்கிப் பிரிப்பாள். கசங்கின மடிப்பெல்லாம் ஆறும் ஓடையுமாகக் கிளை பிரிந்து நிற்கும். மேலே மஞ்சளைத் தெளிப்பாள். கையைத் துடைக்கத் துணி கிடையாது, இறக்கையிலேயே துடைத்துக்கொள்வாள்.

“அண்ணாச்சி, உள்ள நீங்க, வெளிய நான். சேர்ந்து செய்வோமா?” என்றாள்.

அட்டையை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்து அய்யாக்குட்டி சரி என்றான்.

எல்லோரும் அட்டையைத்தான் பார்த்தார்கள். மயில் வந்து ஏட்டை வாங்கியது, திறக்கக்கூட இல்லை, தலையைச் சாய்த்துச் சாய்த்து அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆமை தன் பழைய ஏட்டுக்கு அட்டை மட்டும் மாற்றச் சொன்னது. காக்கை கிளையில் உட்கார்ந்து மூக்கைத் தீட்டியபடி கேட்டது:

“என்னவே அய்யாக்குட்டி, இப்ப நீரு சீனியம்மாகிட்ட வேலைக்கு இருக்கீராமே?”

“நான் ஏடு கட்டுதேன். அவ சாயம் அடிக்கா.”

“அப்படியா. ஊர்ல சீனியம்மா ஏடுன்னுல்லா சொல்லுதாங்க.”

அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், “பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஒரு மழைக்குத் தாங்காது” என்று சொல்லத் தொடங்கினான். மூன்று மழை வந்தது, சாயம் போகவில்லை. சீனியம்மாள் தேன் குடிக்கப் போன நேரத்தில் தானே ஒரு தாளை எடுத்துக் கசக்கி முக்கிப் பார்த்தான். எருமை புரண்டு எழுந்த குட்டை மாதிரி வந்தது. அதை மண்ணைத் தோண்டிப் புதைத்தான். புதைத்த இடத்தில் நின்று இரண்டு மிதியும் மிதித்தான்.

இந்த நிலைமையில் பெரியநாயகி வந்தாள். யானைக் கூட்டத்துக்குத் தலைவி. வறண்ட கோடையில் எந்தப் பள்ளத்தில் தோண்டினால் தண்ணீர் ஊறும், எந்த மலைக்குப் பின்னால் சுனை இருக்கிறது என்று ஏழு தலைமுறை யானைகள் எழுதிவைத்த தாள்கள் தும்பிக்கை நிறைய இருந்தன.

“ஏல அய்யாக்குட்டி, இதைப் பத்திரமாக் கட்டிக் குடு. கோடை வருது. அட்டை அந்தப் பிள்ள கையாலதான் இருக்கணும். முத்திரையும் அவளே வைக்கட்டும்.”

“முத்திரை நான்லா வைப்பேன்.”

“உன் கரிப்புள்ளி அந்த நீலத்துல அழுக்கு மாதிரி இருக்கும்ல” என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யானைக்குக் கால் எங்கே படுகிறது என்று எப்போது தெரிந்திருக்கிறது?

சீனியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அய்யாக்குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுப்பில் கூவைமாவு கொதித்தது. துத்தப் பொட்டலத்தை எடுத்தவன் திரும்ப வைத்தான். பதிலுக்குக் கருப்பட்டிப் பாகை ஒரு கரண்டி ஊற்றினான். எறும்பு வரட்டும். அவள் அட்டையை மட்டும் அரித்துக்கொண்டு போகட்டும். பெரியநாயகி ஏட்டை எடுக்கும்போது நீலமும் மஞ்சளும் பொடிப்பொடியாக உதிரட்டும். இதுதான் அவன் கணக்கு.

கணக்கெல்லாம் சரி. ஆனால் கை தூரிகைக்குப் போகும் முன்னால் நாக்கு பசைக்குப் போய்விட்டது. பழக்கம். பிறந்ததிலிருந்து கசப்பையே தொட்டுப் பார்த்த நாக்கு அது. துப்புவதற்காக வாயைக் குவித்தவன் துப்பவில்லை. இன்னொரு தரம் தொட்டான். “கசப்பு அடியில இருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூன்றாவது தரமும் தொட்டான்.

சீனியம்மாள் சாயத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். “அண்ணாச்சி, இதை ஒரு தடவ பாருங்களேன்.”

“வெச்சிட்டுப் போ.”

அவள் போட்ட சாயத்தைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே தாளின் பின்பக்கம் பசை தடவினான், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒட்டினான். ஏட்டை இலையில் சுற்றி, மேலே கல்லை வைத்தான். மூன்று நாள் காய வேண்டும்.

முதல் நாள், ஒட்டியிருக்கிறதா பார்ப்போம் என்று அட்டைக்கு அடியில் தலையை விட்டான். இரண்டாம் நாள் உடம்பும் உள்ளே போயிற்று. பசையை நக்கினான். பசை ஊறின தாளைத் தின்றான், நாரைத் தின்றான். எறும்பு வந்து எட்டிப் பார்த்தபோது, “போ, போ, இங்க ஒண்ணுமில்ல” என்று விரட்டினான். தான் அழைத்த விருந்தாளியைத் தானே விரட்டினவன் அந்தக் காட்டில் அவன் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் யானைக் கூட்டம் வந்து நின்றது. பெரியநாயகி கல்லை நகர்த்தி ஏட்டைத் தூக்கினாள். தையல் விட்டு, தாள்கள் சல்லடைச் சல்லடையாகக் கீழே விழுந்தன. நடுவில் அய்யாக்குட்டி, வயிறு உப்பிப்போய்க் கிடந்தான். பசையில் புரண்ட உடம்பு காய்ந்து பளபளவென்று மின்னியது. தூரிகை நார் மூன்று பின்பக்கத்தில் ஒட்டி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

காக்கை மூக்கைத் தீட்டுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

பெரியநாயகி அவனைத் திட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “எல்லாரும் கிட்ட வாங்க. நான் படிச்சது நெஞ்சுல இருக்கும்போதே சொல்லிடுதேன். இனிமே எழுத்து வேண்டாம், கேட்டு வெச்சுக்கிடுங்க.” அங்கேயே நின்று ஒவ்வொரு சுனையாகச் சொல்லத் தொடங்கினாள். குட்டிகள் காதை விரித்துக் கேட்டன. அப்படி விரித்த காது பிறகு சுருங்கவே இல்லை.

சீனியம்மாள் கீழே கிடந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டினாள். நீலத்துக்கு நடுவில், மஞ்சளில், மூன்று புள்ளிகள் இருந்தன. பக்கத்தில் மூன்று ஓட்டைகள்.

“ஆறும் வெச்சிருந்தேன் அண்ணாச்சி. உங்க முத்திரை இல்லாம எப்படிக் குடுக்கதுன்னு பெரியநாயகி பின்னாலயே போய்ச் சண்டை போட்டுத்தான் வெச்சேன். அதான் பாருங்கன்னு சொன்னேன். நீங்க பாக்கவே இல்லையா?”

அய்யாக்குட்டி மூன்று புள்ளியையும் பார்த்தான், மூன்று ஓட்டையையும் பார்த்தான். அப்புறம் ஓடினான்.

சீனியம்மாளும் அந்தத் தொழிலை அன்றோடு விட்டாள். துடைத்த சாயம் மட்டும் இறக்கையில் நின்றுவிட்டது. பிடித்துப் பாருங்கள், இன்றைக்கும் விரலில் ஒட்டும்.

யானைக்கு அந்த ஞாபகசக்தி வந்ததும், அய்யாக்குட்டி வம்சத்துக்கு மினுக்கு உடம்பும் மூன்று வாலும் வந்ததும் அன்றிலிருந்துதான். அன்றிலிருந்துதான் அந்த வம்சம் ஒரு புத்தகம் விடாமல் அட்டைக்கு அடியில் புகுந்து தின்கிறது, வெளிச்சம் பட்டால் ஓடுகிறது. அத்தனை புத்தகம் தின்றும், அந்த வம்சத்தில் ஒருவனாவது ஒரு புத்தகத்தின் அட்டையை வெளியே நின்று பார்த்ததாகக் கேள்வி இல்லை.