கீழ்பெர்த்துக்கு முன்னூறு பாயிண்ட்

கோவில்பட்டியில் வண்டி நகர ஆரம்பித்த பிறகு, பிளாட்பாரத்தில் ஓடி வந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறினார் ஞானசிகாமணி. இன்னொரு கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். மூச்சுகூட வாங்கவில்லை. திருநெல்வேலியிலிருந்தே எங்களோடு வருகிறவர்தான், ஆனால் அதுவரை பேச்சு இல்லை. இப்போது எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கு இரண்டு, என் மனைவி மங்கைக்கு இரண்டு, பக்கவாட்டு சீட்டில் இருந்த முறுக்கு வியாபாரி பூலிங்கத்துக்கு ஒன்று. நான் மென்று விழுங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அதற்கப்புறம்தான் இடது முழங்காலைத் தடவ ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு மேல்பெர்த்தைப் போட்டுத் தொலச்சிட்டான். இந்தக் காலை வச்சிக்கிட்டு ஏற முடியாது பாத்துக்கிடுங்க. நீங்க மட்டும் கொஞ்சம் மாறிக்கிட்டீங்கன்னா..."

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. போன தடவை சென்னைக்குப் போனபோதும் இப்படித்தான் கீழ்பெர்த்தைத் தானம் பண்ணிவிட்டு, என் தொப்பையோடு மேலே ஏறி, இறங்க முடியாமல் செங்கல்பட்டு வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். அதனால்தான் இந்தத் தடவை டிக்கெட் பதிவு திறந்த காலையிலேயே மங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் கீழ்பெர்த்தாகப் பார்த்து வாங்கியிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவருடைய கடலைமிட்டாய் என் பல்லிடுக்கில் இருந்தது.

"முழங்காலுக்கு என்ன சார்?" என்று அவளே கேட்டாள்.

"அது பெரிய கத மதினி. பௌலிங்ல போச்சு."

"நம்ம ஊர் டீமுக்கு வெளாடினீங்களோ?" என்றார் பூலிங்கம்.

"கிரிக்கெட் இல்ல வே. இது வேற. வழுவழுன்னு ஒரு நீளத் தடம். அந்தக் கடைசியில பத்துக் கட்டைய முக்கோணமா நிப்பாட்டியிருப்பான். ஏழு கிலோ பந்தை உருட்டி விட்டு அதைச் சாய்க்கணும். நான் கோலாலம்பூர்ல ஒரு எண்ணெய்க் கம்பெனியில ஸ்டோர் கீப்பரா இருந்தேன்லா. அங்க இதான் எல்லாருக்கும் பொழுதுபோக்கு. பத்துச் சுத்து, சுத்துக்கு ரெண்டு பந்து. மொதநாள், பந்து எந்தப் பக்கம் உருளும்னுகூடத் தெரியாது. போட்டேன். முன்னூறு."

"பத்துச் சுத்து, சுத்துக்குப் பத்துக் கட்டை," என்றாள் மங்கை. "மொத்தமும் விழுந்தாலே நூறுதானே. மிச்சம் இருநூறை எங்க வாங்கினீங்க?"

பூலிங்கம் கடலைமிட்டாய் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். ஞானசிகாமணி கொஞ்சமும் அசரவில்லை.

"நல்லாக் கேட்டிய. ஒரே பந்துல பத்தும் விழுந்தா அதுக்கு ஸ்ட்ரைக்னு பேரு. ஸ்ட்ரைக் போட்டவனுக்கு, அடுத்த ரெண்டு பந்துல எத்தனை விழுதோ அதையும் அந்தச் சுத்துலயே சேத்து எழுதுவாவ. ரெண்டு பந்துல பத்தையும் சாய்ச்சா அது ஸ்பேர். அதுக்கு அடுத்த ஒரு பந்து மட்டும் சேரும்."

"அப்ப எல்லாமே ஸ்ட்ரைக்னா சுத்துக்கு முப்பது. கடைசிச் சுத்துக்கு அடுத்து ஏது பந்து?"

"அதுக்குன்னு ரெண்டு பந்து கூடுதலாத் தருவாவ."

மங்கை மேலே பார்த்து உதட்டை அசைத்தாள். "பன்னிரண்டு பந்து. பன்னிரண்டும் ஸ்ட்ரைக். முன்னூறு. சரியாத்தான் வருது."

"மதினி கணக்குல கெட்டி போல."

"பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர்," என்றேன் நான். நான் சொன்ன எந்தக் கணக்கையும் அவள் ஒரே மூச்சில் சரி என்று ஒப்புக்கொண்டதில்லை. அவளே சரி என்ற பிறகு நான் எதைச் சொல்லி மறுப்பது? போர்வையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் அவர் வாயை மூடியிருந்தால் கீழ்பெர்த் அவருக்குத்தான். ஆனால் டீச்சர் என்றதும் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"முன்னூறு யாரு வேணாலும் போடுவான் டீச்சர். அதுல என்ன இருக்கு? எனக்குப் பேர் வாங்கிக் குடுத்தது இருநூத்தித் தொண்ணூத்தொம்பது. பைனல். மொதப் பந்துல ஒம்பது கட்டைதான் விழுந்தது. ஒண்ணு நிக்கி. மலேசியாக்காரன் பூராவும் சிரிக்கான். நான் வாயே தொறக்கல. ரெண்டாவது பந்துல அதைச் சாய்ச்சேன். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக். முன்னூறுல ஒண்ணே ஒண்ணு குறைஞ்சுபோச்சு."

"வராது சார்," என்றாள் மங்கை.

"என்ன வராது?"

"முதல் சுத்து ஸ்பேர். பத்தும் அடுத்த பந்துக்குப் பத்தும், இருபது. மிச்சம் ஒன்பது சுத்துக்கு முப்பது முப்பதா இருநூத்தி எழுபது. ஆகமொத்தம் இருநூத்தித் தொண்ணூறு. அதைத் தாண்டணும்னா முதல் பதினோரு பந்தும் ஸ்ட்ரைக்கா இருக்கணும். ஒரு கட்டை நிக்கணும்னா அது கடைசிப் பந்துலதான் நிக்கணும். முதல் பந்துல நின்னுட்டா நீங்க என்னதான் உருட்டினாலும் இருநூத்தித் தொண்ணூறுதான்."

போர்வையைக் கீழே வைத்தேன். பூலிங்கம் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞானசிகாமணி மங்கையைப் பார்த்துச் சிரித்தார். பரீட்சையில் தான் படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்துவிட்ட பையனின் சிரிப்பு.

"மத்தவங்களுக்கு நீங்க சொல்லுத கணக்குத்தான். நான் போட்ட கடைசிப் பந்து இருக்கே, அது என் கட்டை பத்தையும் சாய்ச்சிட்டு நிக்கல. செவுத்துல மோதித் திரும்பி, அடுத்த தடத்துக்குள்ள பூந்து, அங்க நின்ன கட்டையில ஒம்பதைச் சாய்ச்சிட்டு. நடுவர் ரெண்டு பேரும் கூடிப் பேசினாவ. விழுந்தது விழுந்ததுதானே, எழுதுங்கன்னுட்டாவ. இருநூத்தித் தொண்ணூறும் ஒம்பதும் எத்தனை டீச்சர்?"

மங்கை விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் சரியாக இருந்தது.

"அடுத்த தடத்துக்காரன் சும்மாவா விட்டான்?" என்றார் பூலிங்கம்.

"அழுதான் பாவம். காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பினேன்."

"அப்பத்தான் கால்ல அடிபட்டுச்சா?" என்று நான் கேட்டேன். விஷயம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று இருந்தது.

"வாரேன் அண்ணாச்சி, அதுக்குத்தான் வாரேன். அதுக்கப்புறம் எனக்கு வெளாட்டு சலிச்சிட்டு. ஒரு சபதம் எடுத்தேன். பூஜ்யத்துல ஆரம்பிச்சு முன்னூறு வரைக்கும் ஒரு நம்பர் விடாம வரிசையாப் போடணும். இன்னைக்கு நாப்பத்தாறுன்னா நாளைக்கு நாப்பத்தேழு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. போட்டு முடிச்சேன். இதுல எது ரொம்பக் கஷ்டம், சொல்லுங்க பாப்போம்?"

"முன்னூறு," என்றார் பூலிங்கம்.

"பூஜ்யம் வே. என்னைக் கண்டாலே கட்டைக்கு நடுக்கம். பந்தைக் கையில எடுக்கறதுக்குள்ள ரெண்டு விழுந்திரும். கடைசியில முகத்தைத் துண்டால மூடிக்கிட்டு, வேற யாரோ மாதிரி நொண்டி நொண்டிப் போயிப் போட்டேன். அப்பத்தான் பூஜ்யம் வந்துது."

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஃபோனைக் கையில் எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததில் அவருக்கு இன்னும் தெம்பு.

"நம்பரை விடுங்க. ஒரே நம்பரை எத்தனையோ வழியில எடுக்கலாம்லா? அத்தனை வழியிலயும் எடுத்திருக்கேன். இந்த வெளாட்டுல இனி நான் ஆடாத ஆட்டம்னு ஒண்ணு கிடையாது."

"இருங்க சார்." மங்கை ஃபோனில் தட்டிக்கொண்டே போனாள். எனக்கு அவளைத் தெரியும். இனி அவளை நிறுத்த ரயில்வே போர்டாலும் முடியாது. "ஒரு சுத்துல கட்டை விழறதுக்கே அறுபத்தாறு வழி இருக்கு. முதல் ஒன்பது சுத்துக்கும் அறுபத்தாறை ஒன்பது தடவை பெருக்கணும். கடைசிச் சுத்துல கூடுதல் பந்து வர்றதால அதுக்கு இருநூத்தி நாற்பத்தொண்ணு. எல்லாத்தையும் பெருக்கினா ஐம்பத்தேழாயிரம் கோடி கோடி ஆட்டம் வருது. கோடி இல்ல சார், கோடி கோடி. பிரபஞ்சம் பிறந்த அன்னைலருந்து நொடிக்கு ஒரு ஆட்டம் ஆடியிருந்தாலும் இன்னும் பத்துல ஒரு பங்குகூட முடிஞ்சிருக்காது."

"நான் ரெண்டு கையாலயும் போடுவேன் டீச்சர்."

"அப்பவும் பத்தாது."

ஞானசிகாமணி கொஞ்சம் யோசித்தார். "லீவு நாள்லயும் போவேன்," என்றார்.

பூலிங்கத்துக்குப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மங்கை ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வகுப்பில் ஒரு பையனை முன்னால் கூப்பிடுவதற்கு முன் அவள் இப்படித்தான் கட்டுவாள் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"அத்தனை ஆட்டம் ஆடணும்னா உடம்பு நல்ல வலுவா இருந்திருக்கணுமே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வலுவா? ஒரு தடவை நான் வீசின வேகத்துல பந்து உருளாம எழும்பிட்டு. நேரா மேல போயி, கூரை இரும்புச் சட்டத்துல மாட்டிக்கிட்டு. மூணு ஆள் உசரம். ஏணி கொண்டாரேன்னான் கடைக்காரன். எதுக்கு வே ஏணின்னுட்டு, நின்ன எடத்துலருந்து ஒரே தாவு. ஒரு கையால சட்டத்தைப் பிடிச்சேன், மறுகையால பந்தை எடுத்தேன், அப்படியே கீழ குதிச்சு ஒத்தக் கால்ல நின்னேன். பந்து கையில. ஒரு ஆட்டம் அசைவு கிடையாது."

"எந்தக் கால்ல சார் நின்னீங்க?"

"இதுலதான்," என்று இடது தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக் காட்டினார். உடனே, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த மறு கையை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கே பாவமாக இருந்தது. மங்கைக்கும் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவளே ஒரு வழி விட்டாள். "அது வாலிப வயசுல நடந்திருக்கும். வலியெல்லாம் அதுக்கப்புறம் வந்திருக்கும், இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போர்வையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு தயாராகவே இருந்தேன். ஆனால் அவர் முகம் சுண்டிவிட்டது. ஐம்பத்தேழாயிரம் கோடி கோடி ஆட்டம் ஆடியிருக்க முடியாது என்று சொன்னபோதுகூட அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை.

"வாலிப வயசுல எவனும்தான் தாவுவான். இது போன மாசம் நடந்தது டீச்சர். மெட்ராஸ்ல, மக வீட்டுக்குப் பக்கத்து மால்ல."

"அப்படின்னா சரி," என்று மங்கை என் கையிலிருந்த போர்வையை வாங்கி, என் பெர்த்திலேயே விரித்துப் போட்டாள். "மூணு ஆள் உசரம் ஏழு கிலோவோட இறங்கினவருக்கு இந்த மேல்பெர்த் ஒரு உசரமா? ஏங்க, நீங்க படுங்க."

நான் உடனே படுத்துவிட்டேன். இல்லை என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டது. பூலிங்கம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானசிகாமணி எழுந்து நின்று மேல்பெர்த்தை அண்ணாந்து பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"எனக்கு ஏறறது ஒண்ணும் பெரிசில்ல டீச்சர். உங்களுக்காகத்தான் யோசிச்சேன். நான் தாவினா அந்த வேகத்துல கூரையைப் பேத்துக்கிட்டு வெளிய போயிருவேன். இத்தனை சனம் ராத்திரி பூரா பனியில கெடக்கணுமேன்னுதான் கீழ கேட்டேன்."

"அதுக்குத்தான் சார் ரயில்வேக்காரங்க ஏணி வச்சிருக்காங்க," என்றாள் மங்கை. "மெதுவா ஏறுங்க."