ஒடியாத இறக்கை

ஒரு கடற்கரையில் ஓர் உப்புக்கொத்திக் குருவி இருந்தது. கூடு என்று பெயருக்குக்கூட ஒன்று கட்டத் தெரியாத ஜென்மம். வெறும் மணலில் குழி பறித்து மூன்று முட்டை இட்டிருந்தது. புருஷனைப் போன வாரம்தான் வல்லூறு கொண்டுபோயிருந்தது.

வெயில் ஏறினால் ஓடிப்போய்க் கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காரும்.

"சீக்கிரம் உட்காருடி," என்றது மணல். "உச்சி வெயில்ல நான் அடுப்பு. முட்டை வெந்துச்சுன்னா என்னைக் கேட்காதே."

"நான் எங்கே போகப்போறேன்?" என்றது குருவி.

அந்த நேரம் பார்த்துப் பெலிசியாவும் அவள் கணவர் அருளப்பனும் வந்தார்கள். தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற நல்லவர்கள். ஞாயிறு பூசை முடிந்தால் பைனாகுலரும் கையுமாக இங்கே வந்துவிடுவார்கள். இன்று அவர்கள் கால்கள் நேராக முட்டைகளை நோக்கி வந்தன.

குருவி தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டியது. ஒடிந்ததுபோல ஓர் இறக்கையைத் தொங்கவிட்டு, கத்திக்கொண்டே எதிர்ப்பக்கம் இழுத்து இழுத்துப் போனது. நாயும் நரியும் தின்னும் ஆசையில் பின்னாலேயே வரும். தூரம் போனதும் குருவி பறந்துவிடும்.

"ஏங்க, இறக்கை ஒடிஞ்சிருக்குங்க!"

"இறகு இறகா எப்படிக் காட்டறேன் பாரு!" என்றது பைனாகுலர்.

"காட்டிக் கிழிச்சே. இந்தப் பக்கம் முட்டையைக் காட்டு!" என்று மணல் கத்தியது.

"திருப்பின பக்கம்தான் நான் காட்டுவேன்."

பறக்குமுன் குருவி ஒருமுறை முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் அருளப்பனின் டவல் மேலே விழுந்தது.

"விடுங்க! நடிச்சேன்! எனக்கு ஒண்ணுமில்லே! அங்கே என் முட்டை!"

"பாவம், வலியில என்னமா கத்துது," என்றாள் பெலிசியா.

தோட்டத்தில், செம்பருத்தி நிழலில், நல்ல இறக்கையில் ஈர்க்குச்சி வைத்துக் கட்டிக் கூடைக்குள் விட்டாள். கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தாள். குருவி வயிற்றை அதில் நனைத்துக்கொண்டு கூடையில் முட்டியது. மறுபடி நனைத்தது, மறுபடி முட்டியது.

"குளிக்குது பாருங்க!" என்று அவள் பூரித்துப்போனாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. குருவி அண்ணாந்து பார்த்தது. நனைந்த வயிறு காய்ந்தது. பிறகு அது தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா," என்றாள் பெலிசியா, "வலி நின்னுடுச்சு."